வெடித்த இடம்

மங்கையர்க்கரசி எப்போதும் முதல் அடியைத் தானே அடித்துவிடுவாள். இரண்டாவது அடி எங்கிருந்து வரும் என்று யோசித்ததில்லை; பெரும்பாலும் வந்ததும் இல்லை. பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான், அதனால் எனக்கு இது நன்றாகத் தெரியும். அவளுடைய சடையைப் பிடித்து இழுத்த பையனின் புறங்கையில் காம்பஸ் முனை இறங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் அழக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வளர்ந்த பிறகும் அவள் மாறவில்லை. போர்ட் பிளேர் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தோடு கூட்டமாக இடுப்பைத் தொட்ட ஒருவனின் விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடித்து ஒடித்தாள். அவன் "பஹன்ஜி! பஹன்ஜி!" என்று அலறினான்.

"அப் யாத் ஆயா? இப்பத்தான் அக்கானு ஞாபகம் வருதா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினாள். கண்டக்டர் சில்லறையைக் குனிந்து நின்று கொடுத்தாராம்.

அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை அவள். டெலானிபூர் சரிவில் அரசு குவார்ட்டர்ஸில் மாடி வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எவனாவது ஒருத்தன் எங்கிட்ட மாட்டிச் சாகணுமா?" என்பாள். வகுப்பில் மட்டும் கை நீட்டியதில்லை. அங்கே பார்வையே போதும்.

இப்படிப்பட்டவளுக்கு வெடித்த நட்சத்திரங்களின்மேல் பைத்தியம் பிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வானத்தில் அதைவிடப் பெரிய அடிதடி கிடையாது. பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே இடிந்து விழுகிறது. அதன் நடுவில் பூமியளவு இருந்த இரும்பு நெஞ்சு ஒரு நொடிக்குள் ஓர் ஊரளவுக்கு நசுங்குகிறது. அதற்கு மேலே அடுக்கடுக்காக இருந்ததெல்லாம் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சிதறுகிறது. வெளிச்சம் சில மாதங்களில் அடங்கிவிடும். சிதறியது அடங்க ஆயிரக்கணக்கான வருடங்கள் வேண்டும். அது வழியில் இருக்கும் வாயுவையெல்லாம் மோதிக்கொண்டே போகிறது. மோதிய இடம் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறுகிறது. அவ்வளவு சூடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக வராது, எக்ஸ்ரேயாகத்தான் வரும். நம் காற்று அதைத் தடுத்துவிடுவதால் தொலைநோக்கியைப் பூமிக்கு வெளியே அனுப்பித்தான் பார்க்க முடியும்.

"போஸ்ட்மார்ட்டம் மாதிரிடி," என்று, நான் தீவை விட்டு வந்த பிறகு ஒருமுறை போனில் சொன்னாள். "சிலிக்கானுக்கு ஒரு எக்ஸ்ரே, கந்தகத்துக்கு ஒண்ணு, இரும்புக்கு ஒண்ணு. எது எந்தப் பக்கம் எகிறிச்சு, எவ்ளோ வேகம், எவ்ளோ சூடு, எல்லாம் தெரியும். காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்துல ஒண்ணு இருக்கு. அடி ஆழத்துல பொறந்த இரும்பு, அதுக்கு வெளிய இருந்த சிலிக்கானத் தாண்டி வெளிய போய் நிக்குது. கொடல உருவி வெளிய போட்ட மாதிரி. பொணம் பொய் சொல்லாதுடி."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளி வைத்தேன்.

சந்திரா என்ற எக்ஸ்ரே தொலைநோக்கி எடுக்கும் பதிவுகள் ஒரு வருடம் கழிந்ததும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் திறந்துவிடப்படுகின்றன. சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வரும்வரை தீவில் அந்தக் கோப்புகளை இறக்குவது நடக்காத காரியம். பாதி இறங்கி அறுந்துவிடும். கேபிள் வந்த பிறகு மங்கைக்கு வேறு பொழுது கிடையாது. தீவில் விடிவது சீக்கிரம். பள்ளிக்குப் போகும் முன் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவாள். வந்து சேர்வது படம் அல்ல. தொலைநோக்கியில் விழுந்த ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஒரு வரி: எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு வலுவாக விழுந்தது. அவற்றை அடுக்கித்தான் படம் செய்ய வேண்டும். பெங்களூரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த கௌதம் என்ற பையன் இணைய வகுப்பு ஒன்றில் பழக்கமாகி, அவளுக்கு வழி சொல்லிக்கொடுத்தான். தென்வானத்தில் எண்களையே பெயராகக் கொண்ட, நட்சத்திரம் வெடித்து மிஞ்சிய ஓர் எச்சத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பதினைந்து வருட இடைவெளியில் அதை இரண்டு முறை எடுத்திருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த விளிம்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

அந்த வேலையின் நடுவில்தான் அவளுடைய தங்கை அகிலா இடது கையை வலது கையில் ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள்.

அகிலா, போர்ட் பிளேருக்கு வெளியே கடலோரம் இருக்கும் வண்டூரில் இருந்தாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சாலை வேலைக்கு வந்த அவர்களுடைய அப்பா ஜம்புலிங்கம், வண்டூரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பாக்கும் தென்னையும் வைத்து, தகரக் கூரை போட்டு ஒரு வீடு கட்டியிருந்தார். அவரும் அம்மாவும் இறந்த பிறகு நிலமும் வீடும் இரண்டு பெண்கள் பெயரிலும் இருந்தன. படகு எஞ்சின் பழுது பார்க்க மெயின்லேண்டிலிருந்து வந்த நல்லதம்பி அகிலாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே குடிவந்தான். பிறகு சொந்தமாகப் படகு வாங்கி, டூரிஸ்ட்களை ஜாலிபாய் தீவுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஒரு குடும்பம் வீட்டு வாசலில் வந்து படகு கேட்டது. கடல் சரியில்லை, எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கு வாருங்கள் என்று அகிலா சொல்லி அனுப்பிவிட்டாள். நல்லதம்பி இது தெரிந்து, டீசல் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலோடு வீட்டுக்கு வந்தான். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. அவள் குனிந்தபோது இரண்டாவது, தோளெலும்பில்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புதிய முறிவுகளைப் பற்றிச் சொல்லாமல் வேறு இரண்டு இடங்களைக் காட்டினார். தானாகக் கூடிய பழைய முறிவுகள். கூடிய இடத்தில் எலும்பு தடித்திருந்தது.

"இது எப்போ?"

"அது... பாத்ரூம்ல வழுக்கி..."

"இது?"

 மங்கை நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். அகிலா சட்டென்று நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அடிக்காதக்கா," என்றாள்.

 

மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் கடப்பாரையைக் கட்டிக்கொண்டு வண்டூர் போனாள். நல்லதம்பி படகுத்துறை ஜெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பேச்சே இல்லை. கடப்பாரை அவன் காலைத் தேடிப் போனது. முன்கால் எலும்புக்குப் போக வேண்டியது தப்பி ஆடுசதையில் விழுந்தது. அவன் விழுந்த வேகத்தில் எழுந்து, அவள் தோளைப் பிடித்து, நெற்றியால் அவள் வாயில் இடித்தான். முன்பல் இரண்டும் பலகையில் விழுந்தன. லைஃப் ஜாக்கெட் மாட்டிய டூரிஸ்ட்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது.

"மதினி," என்றான் நல்லதம்பி, மூச்சு வாங்க. "ஒங்க தங்கச்சிய நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு வீடு போதும்."

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "எங்க அப்பன் வீடுடா அது!"

"அப்பன எழுப்பிக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்."

யார் யாரோ இழுத்துப் பிரித்துவிட்டார்கள். அவள் போலீசில் புகார் கொடுத்தாள். அவனும் அவள்மேல் கொடுத்தான். அவன் தரப்புக்கு வீடியோவும் இருந்தது. இனி ஒருமுறை கை நீட்டினால் டீச்சர் வேலையே போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இவ்வளவும் நடந்து முடிந்தபோது அவன் வண்டூர் வீட்டில் இருந்தான். அகிலா குவார்ட்டர்ஸில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

தீவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முற்றினால் யாராவது ஒருவரைக் கப்பலேற்றிவிடுவார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்யும் தம்பி, சாதி மாறிக் காதலித்த பெண், மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகள், எல்லோரும் ஹேடோ ஜெட்டியிலிருந்து மெயின்லேண்டுக்குப் போயிருக்கிறார்கள். நடுவில் அத்தனை கடல் இருந்தால் கோபம் ஆறும் என்று நம்பிக்கை. யாரை ஏற்றுவது என்று எப்படி முடிவு செய்வார்கள் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். யார் சொன்னால் கேட்பாரோ, அவரைத்தான்.

டெலானிபூரில் மளிகைக் கடை வைத்திருந்த கணபதி மாமா தமிழர் சங்கத்தில் பெரிய மனிதர். இரண்டு தரப்பையும் பார்த்துப் பேசிவிட்டு, மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாரும்மா மங்கை. அவன் பாகல், பைத்தியம். அவன்கிட்ட நியாயம் பேச முடியாது. அகிலா பாப்பாவ ஷிப்ல அனுப்பி வெச்சிரு. ராம்நாட்ல ஒங்க ஒச்சம்மா சித்தி இருக்குல்ல? ஆறு மாசம் அங்க இருக்கட்டும்."

"அவ என்ன தப்பு பண்ணா மாமா?"

"தப்ப யாரு பேசுறா? உசிரப் பேசுறேன். இங்க இருந்தா அவன் வந்து இவள அடிப்பான், நீ போய் அவன அடிப்ப. யாராவது ஒருத்தர் சாவீங்க. நான்தான மாலை வாங்கிட்டு வரணும்?"

மங்கைக்குத் தன் கையைப் பற்றித் தெரியும். தான் அவனைக் கொன்றுவிடக்கூடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டாள். அகிலா பெயரில் கப்பல் டிக்கெட் வாங்கியாயிற்று. அகிலாவை யாரும் கேட்கவில்லை. அவள், "மெயின்லேண்ட்ல எனக்கு யாரத் தெரியும்?" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அவள் தீவிலேயே பிறந்தவள். சித்தியைக் கல்யாண போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். வண்டூரில் அவளுக்குப் பாக்கு மரங்கள் இருந்தன, கோழிகள் இருந்தன, அப்பா தோண்டிய கிணறு இருந்தது. அதையெல்லாம் அவனிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போனால் திரும்பி வருவது என்பது பேச்சளவில்தான். அப்படிக் கப்பலேறிய பெண்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

கப்பலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மங்கை கௌதமிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஓர் ஆய்வுக் குழுவுக்கு இணையவழியில் அவள் பேசுவதாக இருந்தது. அகிலா பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கை இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினாள்: பழையது, புதியது, பழையது, புதியது. உருண்டையான அந்தச் சிதறல் ஒவ்வொரு முறையும் துடித்தது.

"பாருங்க தம்பி, கிழக்கு விளிம்பு எவ்ளோ வேகமா ஓடுது! மேற்கு பாதி தூரங்கூடப் போகல. கிழக்க வாயு மெல்லிசா இருக்கணும், தடுக்க ஆளில்ல. மேற்க ஏதோ மறிக்குது." பல் போன இடத்தில் காற்று ஊதியது.

கௌதம் கொஞ்ச நேரம் பார்த்தான். "மேடம், ரெண்டு படத்தையும் எத வெச்சு ஒட்டினீங்க?"

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே இடத்தை இரண்டு முறை எடுத்தாலும் தொலைநோக்கி பார்க்கும் திசையில் துளி வித்தியாசம் வந்துவிடும். அதனால் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைக்கும்போது, நகராத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொருத்த வேண்டும். எது நகரவில்லை என்று நாம் முடிவு செய்கிறோமோ, அதை வைத்துத்தான் மற்றவை எவ்வளவு நகர்ந்தன என்று தெரியவரும்.

"நடுவுல இருக்குற புள்ளிய வெச்சு. அதான் பளிச்சுனு இருக்கு."

"மேடம்..." அவனுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அதுவும் ஓடுமே."

நடுவில் இருந்த அந்தப் பிரகாசமான புள்ளி, நசுங்கி மிஞ்சிய கரு. நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிட எடை அதிகம். ஆனால் போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் தூரத்துக்குள் அடங்கிவிடும். வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை. ஒரு பக்கம் சரக்கு அதிகமாகப் பாய்ந்தால், கரு எதிர்ப்பக்கம் உதைபட்டு எகிறும். நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர்கூடப் போகும். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிப்பதை வருடா வருடம் பதினோராம் வகுப்புக்கு நடத்துகிறவள், எல்லாவற்றிலும் பளிச்சென்று இருந்ததாலும் நடுவில் உட்கார்ந்திருந்ததாலும், அது நிற்கிறது என்று நம்பிவிட்டாள். அது மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. அதை அசையாமல் பிடித்து வைத்ததால், படத்தில் இருந்த மற்ற எல்லாமே கிழக்கே தள்ளப்பட்டன.

மங்கை மவுஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். அது இரண்டாகப் பிளந்து பேட்டரி கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"சுப் ரஹோக்கா, சும்மா இரு, தம்பி பயந்துறப் போகுது," என்றாள் அகிலா.

"மூலையில சின்னச் சின்னதா நட்சத்திரம் இருக்கும் மேடம்," என்று கௌதம் அவசரமாகச் சொன்னான். "ரொம்ப மங்கல். ஒவ்வொண்ணும் சில ஒளித்துகள்தான். இந்தச் சண்டைக்கும் அதுங்களுக்கும் சம்பந்தமே இல்ல. அதுங்க லேசா நகந்தாலும் எவ்ளோனு அளந்து வெச்சிருக்காங்க. அத வெச்சு ஒட்டிப் பாருங்க."

வேறு மவுஸ் இல்லாததால் விரலாலேயே தேய்த்துத் தேய்த்து, சாயங்காலம்வரை மூலைகளைத் தேடினாள். அவ்வளவு மங்கலான புள்ளிகள், அழுக்கு என்று துடைத்துப் போட்டுவிடலாம். அவற்றின்மேல் பொருத்தியதும் படம் மாறிவிட்டது. கிழக்கும் மேற்கும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் விரிந்தன. நடுப்புள்ளி மட்டும் மேற்கே துள்ளியது. அவள் சிலிக்கானும் கந்தகமும் பேசும் எக்ஸ்ரேயை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டாள். கட்டி கட்டியாக, பெரும்பங்கு கிழக்கே கிடந்தது. அந்த நட்சத்திரம் கிழக்குப் பக்கம் நெஞ்சைப் பிளந்துகொண்டு வாரியடித்திருக்கிறது. கரு அதற்கு எதிரே தெறித்திருக்கிறது. ஓட்டத்தைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால், வெடித்த இடம் அந்தப் புள்ளி இப்போது இருக்கும் இடமே அல்ல.

அகிலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "மொதல்ல காட்டின படத்த இன்னொரு தடவ காட்டு."

மங்கை காட்டினாள். புள்ளி நிலையாக நின்றது. மற்ற எல்லாம் விலகி ஓடின.

"நம்ம கணபதி மாமா பஞ்சாயத்து மாதிரியே இருக்கு," என்றாள் அகிலா.

"என்னடி?"

"அவன ஆணியடிச்சு நடுவுல வெச்சுட்டீங்க. அவன் வண்டூர்லதான் இருப்பான், அது மாறாது. அப்ப அகிலா எங்க போகணும், எவ்ளோ தூரம் போகணும்? அதான மாமா போட்ட கணக்கு?" அவள் குரல் உயரவே இல்லை. "நீயும்தாங்க்கா. கடப்பாரையத் தூக்கிட்டுப் போன, அடிச்ச, அடி வாங்குன, வந்துட்ட. அவன் எடத்துல அவன் இருக்கான். டிக்கெட்டு எம்பேர்ல."

மங்கை திரையிலிருந்து திரும்பினாள். பிறகு கேட்டாள்: "ஒனக்குப் போக வேணாமா?"

"இத்தன நாள்ல இப்பத்தான் கேக்குற."

"எங்கடி போகணும் ஒனக்கு?"

"வீட்டுக்கு."

"அவன் இருக்கான்டி அங்க!"

"இருந்துட்டுப் போறான். எங்க வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்னேன். அவன்கிட்டப் போறேன்னு சொல்லல."

அன்று நிறைய பேசினார்கள், கத்தினார்கள். அகிலா ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள்: என்ன நடந்தாலும் மங்கை கை வைக்கக் கூடாது. "நீ உள்ள போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கப்பல் புறப்படும் நாளன்று இருவரும் ஹேடோ ஜெட்டிக்குப் போகவில்லை. தன் பெயரில் உள்ள வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன், எனக்கு உயிர்ப்பயம் இருக்கிறது என்று அகிலா போலீசில் எழுதிக் கொடுத்தாள். பின்னாலேயே ஜீப் அனுப்புகிறோம் என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு கணபதி மாமாவும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து சேர்ந்துகொண்டார். வழியில் புரோத்ராபூர் தாண்டும்வரை திட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் அவருக்கே களைத்துவிட்டது.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் இன்னும் வரவில்லை. வீடு திறந்து கிடந்தது. அகிலா உள்ளே போய், ஒற்றைக் கையால் நல்லதம்பியின் பொருள்களை எடுத்து முற்றத்தில் வீச ஆரம்பித்தாள். சட்டைகள், வலை, கிரீஸ் டப்பா, எஞ்சின் பெல்ட். கோழிகள் பறந்து ஓடின. யாரோ ஓடிப்போய் ஜெட்டியில் சொல்லியிருக்க வேண்டும். அவன் வந்தான். கையில் அதே ஹேண்டில்.

"தம்பி, ருக்கோ, நில்லு! பேசிக்கலாம்பா," என்று கணபதி மாமா குறுக்கே போனார். அவன் அவரை நெஞ்சில் தள்ளினான். மாமா கிணற்றுக் கல்லில் இடித்து விழுந்தார். வேட்டியெல்லாம் சேறு.

மங்கை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நகங்கள் மரத்தில் பதிந்திருந்ததைப் பிறகு என்னிடம் ஜம்பமாகச் சொல்லவில்லை. நகக்கண்ணில் சிராய் ஏறிச் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னாள்.

"வெளிய போ," என்றாள் அகிலா.

"யாருடி போறது?"

"நீதான். இது எங்க அப்பா வீடு."

அவன் தலைக்கு ஓங்கினான். அகிலா மாவுக்கட்டு போட்ட கையைத் தூக்கி அதை வாங்கினாள். கட்டு பிளந்தது, உள்ளே கூடத் தொடங்கியிருந்த எலும்பு மறுபடி ஒடிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. ஆனால் இரும்பு கெட்டியான மாவில் மோதிய அதிர்ச்சியில், எண்ணெய்க் கையிலிருந்து ஹேண்டில் வழுக்கிக் கீழே விழுந்தது. அவன் குனிவதற்குள் அவள் வலது கையால் அதை எடுத்துவிட்டாள். முழங்காலில் ஒரே அடி. கால் பக்கவாட்டில் மடங்கியது. அவன் சேற்றில் விழுந்து, அம்மா என்று கத்தினான். அவள் ஹேண்டிலை மறுபடி தூக்கினாள். இம்முறை தலைக்குமேல்.

மங்கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பஸ்! போதும், அகிலா. ஹோ கயா, முடிஞ்சுது."

"விடுக்கா."

"விட்டா அவன் செத்துருவான்டி. அப்புறம் நீ இந்த வீட்ல இருக்க முடியாது."

அகிலா முகத்தில் ரத்தமும் மாவுக்கட்டின் வெள்ளைப் பொடியும் அப்பியிருந்தன. அவள் அவனைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். பிறகு ஹேண்டிலைக் கிணற்றுக்குள் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் வந்ததும் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஜீப் அப்போதுதான் தெருவில் திரும்பியது.

அந்த வாரமே மங்கை தன் பேச்சைப் பேசினாள். விரலில் கட்டு, முன்பல் இல்லை. சிலிக்கான், சல்ஃபர் என்று சொல்லும்போதெல்லாம் விசில் வந்தது. முதல் தடவை தான் எப்படித் தப்பாகப் பொருத்தினேன் என்பதையும் காட்டினாள். வேகத்தின் கணக்கில் பிழைக்கு இடம் இன்னும் அதிகம், இன்னொரு முறை எடுத்த படம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவளும் கௌதமும் அதற்கு விண்ணப்பிப்பதாக இருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியாது.

வழக்கு நடக்கிறது. அகிலா தற்காப்புக்குத்தான் அடித்தாள் என்று கணபதி மாமா சாட்சி சொல்லியிருக்கிறார். நெஞ்சில் தள்ளப்பட்டவரின் சாட்சியத்தில் ஒரு வேகம் இருந்ததாம். நல்லதம்பிக்கு ஜாமீன் கிடைத்தது, வண்டூர் பக்கமே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. விசாரணைக்கு அழைத்தால் வந்துவிடுவேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலோடு மெயின்லேண்ட் கப்பல் ஏறினான். ஏற்றிவிட்டவரும் கணபதி மாமாதான்.

அகிலாவின் இடது கை இனித் தோளுக்குமேல் எழாது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மழைக்காலத்தில் வலிக்கும் என்கிறார்கள். அங்கே வருடத்தில் பாதி மழைக்காலம். சென்ற வாரம் அவளிடம் பேசினேன். அவன் திரும்பி வந்தால்? நிபந்தனையை யார் காவல் காப்பார்கள்? கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நான் கேட்பதெல்லாம் இப்படித்தான்.

"தனியா இருக்கியே அகிலா, பயமா இல்ல?"

"பயமாத்தாங்க்கா இருக்கு. சைக்கிள் மணி கேட்டாக்கூடத் தூக்கிப் போடுது," என்றாள். "ஆனா எங்க வீட்ல உக்காந்து பயப்படறேன். ராம்நாட்ல இல்ல."



"சரிக்கா, மழ வருது. பாக்கு காயப் போட்டிருக்கேன், போன வெச்சுரட்டுமா?"